ஹோமில் சேர்ப்பதற்கு முன்: பெற்றோரை இழந்த பிள்ளையைக் குடும்பத்திலேயே வைத்து வளர்த்துப் படிக்கவைப்பது எப்படி?

ஒரு வீட்டில் அப்பாவோ அம்மாவோ இறந்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, மிச்சமிருக்கும் நாலு பேர் உட்கார்ந்து பேசும்போது யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "பேசாம பிள்ளைங்கள நல்ல ஹோமா பார்த்துச் சேர்த்துடலாமே." சொல்பவர் கெட்டவர் இல்லை. அங்கே வேளைக்குச் சாப்பாடு கிடைக்கும், படிப்பு கிடைக்கும் என்று மனதார நம்பித்தான் சொல்கிறார். நான் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் பல வருடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். இப்போது, பிள்ளைகளை உறவினர் வீட்டிலேயே வைத்து வளர்க்க முன்வரும் குடும்பங்களுக்குத் துணை நிற்பதுதான் என் வேலை. அந்த நாலு பேரில் ஒருவராக நீங்கள் இருந்தால் என்ன செய்யலாம் என்பதை எழுதுகிறேன்.

முதலில், அன்றைக்கே முடிவெடுக்காதீர்கள். அடுத்த சில வாரங்களுக்குப் பிள்ளையோடு யார் இருப்பது என்பதை மட்டும் பேசி முடியுங்கள். முடிந்தால் பெரியவர் ஒருவர் அந்த வீட்டுக்கே வந்து தங்கட்டும். அப்பா போன கையோடு வீடும், பள்ளிக்கூடமும், கூட விளையாடியவர்களும் ஒரே வாரத்தில் போய்விட்டால் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே மிஞ்சாது.

காப்பகத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு யாருமே இல்லை என்றுதான் வெளியே நினைக்கிறார்கள். சேவ் த சில்ரன் அமைப்பு 2009-ல் வெளியிட்ட அறிக்கை, உலக அளவில் காப்பகங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னது. நான் வேலை பார்த்த இடத்திலும் அப்படித்தான். அம்மா இருப்பார், விடியும் முன் வேலைக்குக் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புவார். அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பீஸ் கட்டப் பணம் இல்லை. பிள்ளையை அந்த அம்மாவிடமிருந்து பிரித்ததற்குக் காரணம் இவ்வளவுதான். பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளுக்காக அதே 2009-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: வறுமை ஒன்றை மட்டுமே காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது, அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை என்பதற்கான அறிகுறியாக அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தை சின்னதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ருமேனியாவில் 1989-ல் ஆட்சி கவிழ்ந்தபோது ஏராளமான குழந்தைகள் அரசுக் காப்பகங்களில் கிடந்ததை உலகம் பார்த்தது. சார்லஸ் நெல்சன், நாதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா என்ற மூன்று ஆய்வாளர்கள் 2000-ல் அந்நாட்டுத் தலைநகர் புக்காரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். காப்பகங்களில் இருந்த, 6 மாதம் முதல் 31 மாதம் வரை வயதுள்ள 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும், ஒருவரை நம்பி ஒட்டிக்கொள்வதிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களிடம் மாற்றம் அதிகமாகத் தெரிந்தது. காப்பகத்திலும் சாப்பாடும் கூரையும் இருந்தன. அழுதால் ஒவ்வொரு தடவையும் அதே முகம் ஓடிவந்து தூக்குவது மட்டும் அங்கே இல்லை. ஷிப்டு மாறும், ஆள் மாறும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் காப்பகம் வேண்டவே வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

யார் யார் இருக்கிறார்கள் என்று தேடுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் பிள்ளையின் பெயரை எழுதுங்கள். சுற்றிலும் அப்பா வழி, அம்மா வழி என்று எல்லோரையும் எழுதுங்கள். சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை நின்றுபோன பெரியப்பா, தூரத்தில் கட்டிக்கொடுத்த அத்தை, யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத தாத்தா என்று ஒருவரையும் விடாதீர்கள். ரத்த உறவாக இல்லாவிட்டாலும் பிள்ளையைத் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டு அம்மாவையும் சேருங்கள். அப்புறம் பிள்ளையிடம் கேளுங்கள். "நீ யார் வீட்ல இருக்கப் போற?" என்று நேராகக் கேட்டால் பதில் வராது. "உடம்பு சரியில்லன்னா யார் பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்?", "ராத்திரி பயந்துட்டா யாரக் கூப்பிடுவ?" என்று கேட்டால் பெயர் வரும். தன் வாழ்க்கையைப் பற்றிய முடிவில் குழந்தையின் கருத்தையும் கேட்க வேண்டும் என்பது 1989-ல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

உறவினர்களிடம் "நீங்க வச்சுக்கிறீங்களா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். "உங்க வீட்ல இருக்கணும்னா என்னென்ன தேவைப்படும்?" என்று கேளுங்கள். படுக்க ஒரு பாய், மாதாந்தரச் செலவில் ஒரு பங்கு, காலையில் பள்ளியில் கொண்டுபோய் விட ஓர் ஆள் என்று பதில் பட்டியலாக வரும். பட்டியல் வந்துவிட்டால் பங்கு பிரிக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, "வளக்க எனக்குத் தெம்பு இருக்கு, பள்ளிக்கூடத்துக்கு நடக்கத்தான் கால் இல்ல" என்றார். மாமா வீட்டுப் பையன் தினமும் அழைத்துப் போக ஒத்துக்கொண்டான். சித்தி வாரக் கடைசியில் வந்து துணி துவைத்துக் கொடுத்தார். அந்தப் பெண் பாட்டி வீட்டிலேயே வளர்ந்தாள். பேசியதை எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். துக்கத்தின் வேகத்தில் சொன்ன வார்த்தை ஆறு மாதத்தில் மறந்துபோகும்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளைப் பிரிக்காதீர்கள். "பையன நான் வச்சுக்கிறேன், பொண்ணுங்கள நீங்க பாருங்க" என்ற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வேறு வழியே இல்லாமல் பிரிய நேர்ந்தால், எந்தெந்தக் கிழமை பேசுவார்கள், எந்த விடுமுறையில் சேர்ந்து இருப்பார்கள் என்பதைப் பிரியும் முன்பே முடிவு செய்து பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

இறப்பைச் சொல்வது

"அப்பா தூங்குறார்", "வெளியூர் போயிருக்கார்", "சாமிகிட்ட போயிட்டார்" என்று சொல்லிச் சமாளிக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரியவர்களுக்குச் சொல்ல மனம் வராது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் தூங்குகிறார் என்று கேட்ட குழந்தை தூங்கப் பயப்படும். வெளியூர் என்று கேட்ட குழந்தை வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது பெரும்பாலும் பிடிபடாது. அதனால் நேரான, சின்ன வாக்கியங்களில் சொல்ல வேண்டும்: "அப்பா இறந்துட்டார். அவரோட உடம்பு வேலை செய்யுறத நிறுத்திருச்சு. அவருக்கு இப்ப வலிக்காது, பசிக்காது. அவர் திரும்பி வரமாட்டார். உனக்கு அழணும்போல இருந்தா அழலாம்." நாளைக்கும் அதே கேள்வியைக் கேட்கும். அதே பதிலைச் சொல்லுங்கள்.

இரண்டு கேள்விகளுக்கு முன்கூட்டியே தயாராக இருங்கள். ஒன்று, வெளியே வராமல் உள்ளேயே கிடக்கும்: "நான் சொன்ன பேச்சுக் கேக்காததாலதான் அம்மா செத்தாங்களா?" பிள்ளை கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: "நீ செஞ்சதாலயோ பேசினதாலயோ இது நடக்கல." இன்னொன்று: "நீயும் செத்துப் போயிடுவியா?" பொய்ச் சத்தியம் வேண்டாம். "நான் ரொம்ப நாள் உன்கூட இருப்பேன்னு நம்புறேன். எனக்கு ஏதாவது ஆனா சித்தி உன்னப் பாத்துக்குவாங்க" என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். அதற்கு முன் சித்தியிடம் உண்மையாகவே பேசியிருக்க வேண்டும்.

துக்கம் ஒரு வருடத்தோடு முடிவதில்லை. எட்டு வயதில் சாதாரணமாகக் கடந்துபோன பெண் பன்னிரண்டில், பூப்பெய்தும்போது, அம்மாவைத் தேடி உடைந்து போவாள். புதிதாக ஏதோ நோய் வந்ததாக நினைக்காதீர்கள். வளர வளர, இழந்தது இன்னதென்று புதிதாகப் புரிகிறது.

முதல் மாதங்கள்

படுக்கையில் சிறுநீர் போவது, சாப்பாட்டை ஒளித்து வைப்பது, கழிப்பறை வரைக்கும் உங்கள் பின்னாலேயே வருவது, ஒன்றுமில்லாததற்குக் கத்துவது எல்லாம் வரும். அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தலையணைக்கு அடியில் சாப்பாட்டை ஒளிக்கும் பிள்ளைக்கு மூடி போட்ட டப்பா ஒன்றைக் கொடுத்து, "இது உன்னோடது, எப்பவும் இதுல திங்க ஏதாவது இருக்கும்" என்று சொல்லி, காலி ஆக ஆக நிரப்பி வையுங்கள். கொஞ்ச காலத்தில் டப்பாவைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிடும். படுக்கையை நனைத்தால் பேசாமல் விரிப்பை மாற்றுங்கள். அதைப் பற்றி யாரிடமும், போனில்கூட, சொல்லாதீர்கள். நாள் முழுக்க நேரம் தவறாமல் நடக்க வேண்டும்: எழுவது, சாப்பிடுவது, பள்ளி விட்டு வரும்போது வீட்டில் யார் இருப்பார் என்பது எல்லாம் பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்கட்டும். தாமதமாக வருவதாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். அம்மா வராமல் போனதைப் பார்த்த பிள்ளைக்கு உங்களுடைய அரைமணி நேரத் தாமதம் வேறு மாதிரித் தெரியும்.

பெற்றோரின் போட்டோவையும், ஒரு துணி, ஒரு கடிகாரம் என்று ஏதாவது ஒன்றிரண்டு பொருட்களையும் பிள்ளையின் கைக்கே கொடுங்கள். இறந்தவர்களைப் பற்றி வீட்டில் பேசுங்கள். "உங்கம்மா மாதிரியே சிரிக்கிற" என்று சொல்வதால் பிள்ளை கெட்டுப்போகாது.

வீட்டில் ஏற்கெனவே பிள்ளைகள் இருந்தால், வேலை, புதுத்துணி, திட்டு மூன்றிலும் ஒரே அளவு வேண்டும். அதிகச் செல்லமும் ஒதுக்கிவைப்பது போலத்தான் தெரியும். ஒரு வாக்கியத்தை மட்டும் எவ்வளவு கோபம் வந்தாலும் சொல்லாதீர்கள்: "இப்படிப் பண்ணினா உன்ன ஹோம்ல கொண்டுபோய் விட்டுடுவேன்." உங்கள் பிள்ளைக்கு அது வெறும் மிரட்டல். இந்தப் பிள்ளைக்கு அது நடக்கக்கூடிய விஷயம். அதற்கப்புறம் பல மாதங்களுக்கு உங்களை நம்பாது.

காகிதங்கள்

வீட்டைக் காலி செய்வதற்கு முன், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவுகள், தடுப்பூசி அட்டை, நிலம், வங்கி, காப்பீடு சம்பந்தமான எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வேறொரு வீட்டிலும் வையுங்கள். பிறப்புப் பதிவே இல்லாவிட்டால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். சட்டப்படி பாதுகாவலர் ஆவதைத் தள்ளிப் போடாதீர்கள். பள்ளிச் சேர்க்கையில், ஆஸ்பத்திரியில், வங்கியில் எல்லாம் அந்தக் கையெழுத்தைத்தான் கேட்பார்கள். பெற்றோரின் சொத்து பிள்ளைக்குச் சேர வேண்டியது. பிள்ளையை வளர்ப்பவரும் அந்தச் சொத்தைப் பார்த்துக்கொள்பவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது நல்லது என்பது என் கருத்து.

பள்ளிக்கூடம்

பெற்றோரை இழந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் படிப்பைவிடப் பெரியது. வீட்டில் எல்லாமே மாறிப் போனபோதும் மணி அடிப்பதும், அதே பெஞ்சும், அதே கூட்டாளியும் அங்கே மாறாமல் இருக்கிறார்கள். அதனால் கூடுமானவரை பள்ளியை மாற்றாதீர்கள், நடு வருடத்தில் மாற்றவே மாற்றாதீர்கள். துக்கம் ஆறட்டும் என்று மாதக்கணக்கில் வீட்டில் வைத்திருப்பதும் வேண்டாம். கொஞ்ச நாளில் அரைநாளாவது அனுப்பத் தொடங்குங்கள்.

வகுப்பு ஆசிரியரைப் பிள்ளை இல்லாதபோது நேரில் போய்ப் பாருங்கள். என்ன நடந்தது, இப்போது யார் பாதுகாவலர், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லுங்கள். மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் "பாவம், அப்பா இல்லாத பையன்" என்று அடையாளம் காட்ட வேண்டாம். உதவிப் பொருட்களை மேடையில் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டாம். அழுகை வந்தால் எழுந்து போய் உட்கார ஓர் இடமும், கூட இருக்க ஓர் ஆளும் வேண்டும். "என் குடும்பம்" என்று கட்டுரை எழுதச் சொல்வதும், அன்னையர் தினத்துக்கு அட்டை செய்யச் சொல்வதும் வருடம் தவறாமல் வரும். பாட்டிக்கோ, போட்டோவில் இருக்கும் அம்மாவுக்கோ, யாருக்கு வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆசிரியர் முன்கூட்டியே மொத்த வகுப்புக்கும் சொல்லிவிட்டால் போதும்.

மதிப்பெண் குறையும். துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு மனம் ஒரு இடத்தில் நிற்காது. "உங்கப்பா இருந்திருந்தா எவ்வளவு வருத்தப்படுவார்" என்று சொல்லிப் படிக்கவைக்க முயலாதீர்கள். எங்கே விட்டுப்போனது என்று பாருங்கள். ஒரு சின்னப் பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். திணறினால் ஒரு வாக்கியம். அதிலும் திணறினால் சொற்கள், எழுத்துகள். எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள், எந்த வகுப்பில் படிக்கிறது என்று பார்க்காதீர்கள். இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வயதைப் பார்க்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைக் குழுவாக்கிச் சொல்லிக்கொடுத்த இந்த முறை நன்றாகப் பலன் தந்ததால், பிறகு ஆப்பிரிக்க நாடுகளிலும் பரவியது. வீட்டில் இதைச் செய்ய டிகிரி வேண்டியதில்லை. தினமும் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மதிப்பெண்ணைவிட வருகைப் பதிவைக் கவனியுங்கள். படிப்பை நிறுத்தும் பிள்ளை ஒரே நாளில் நிறுத்துவதில்லை. மாதத்தில் மூன்று நாலு நாள் லீவு என்று ஆரம்பிக்கும். ஏன் என்று கோபப்படாமல் விசாரித்தால் காரணம் எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேறு ஆள் இல்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சீருடை குட்டையாகிவிட்டது, கிண்டல் செய்கிறார்கள். மாதவிடாய்க்கு நாப்கின் இல்லை. பீஸ் பாக்கிக்காக வகுப்பில் எழுப்பி நிறுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளோ, ஒரு சின்னத் தொகையோ போதும். மூத்த பெண்ணாக இருந்தால் இருமடங்கு கவனம் வேண்டும். அம்மா போன வீட்டில் யாரும் சொல்லாமலேயே அவள் அம்மாவாகிவிடுவாள், எல்லோரும் "பொறுப்பான பொண்ணு" என்று பாராட்டிக்கொண்டே இருப்பார்கள். அவள் வீட்டில் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறாள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

வெளியிலிருந்து உதவுபவர்களுக்கு

கட்டடம் கட்டக் கொடுக்கும் பணத்தை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தால் பிள்ளை வீட்டிலேயே இருக்கும். தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை, மாதம் தவறாமல் வர வேண்டும். எத்தனை வருடம் தர முடியும் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். நிறுத்துவதாக இருந்தால் படிப்பு வருடம் முடியும் வரையாவது பொறுங்கள். பீஸைப் பள்ளிக்கு நேராகக் கட்டலாம். வீட்டுச் செலவுக்குத் தருவதை வளர்ப்பவரின் கையில் கொடுத்துவிட்டு ரசீது கேட்டு நச்சரிக்காதீர்கள். பை வாங்கித் தருவதாக இருந்தால் அந்த வீட்டில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் வாங்குங்கள். பிள்ளையை நன்றிக் கடிதம் எழுதவைக்காதீர்கள், முகம் தெரியும் போட்டோவை அதன் கதையோடு எங்கேயும் போடாதீர்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போகும்போதும் அந்தப் போட்டோ அங்கேயே இருக்கும்.

காப்பகங்களுக்குப் போய் சில வாரம் பிள்ளைகளோடு இருந்துவிட்டு வருவதும் வேண்டாம். தூக்கிக் கொஞ்சி ஒட்டவைத்துவிட்டுப் போய்விடுபவர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே நிறையப் பேர். பார்வையாளர் பணத்துக்காகவே குடும்பங்களிடமிருந்து பிள்ளைகளைச் சேகரிக்கும் காப்பகங்களும் உண்டு. ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்தபோது இதையும் நவீன அடிமைத்தனமாகவே கருதியது.

உறவு பாதுகாப்பாக இல்லாதபோது

எல்லா உறவினர் வீடும் நல்ல வீடு இல்லை. சொத்துக்காகவோ சம்பளமில்லாத வேலையாளாகவோ பிள்ளையைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளி நின்றுபோவது, உடம்பில் காயம், ஒரு குறிப்பிட்ட ஆள் வந்தாலே ஒடுங்கிப் போவது இவற்றில் எதைப் பார்த்தாலும், குடும்ப மானம் என்று யோசிக்காமல் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் சொல்லுங்கள். அடுத்த வழி வளர்ப்புக் குடும்பம், அல்லது சட்டப்படியான தத்து. ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் குழந்தையைக் கைமாற்றிவிடுவது தத்து ஆகாது.

காப்பகம் தவிர வேறு வழியில்லாத நிலை சில பிள்ளைகளுக்கு வரத்தான் செய்கிறது. அப்போது சின்ன இடமாக, அக்கா தம்பியைச் சேர்த்து வைக்கும் இடமாக, உறவினர் வந்து பார்க்கத் தடை இல்லாத இடமாகத் தேடுங்கள். எப்போது திரும்ப அழைத்துக்கொள்வோம், யார் அடுத்து வந்து நிலைமையைப் பார்ப்பார் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே எழுத்தில் வாங்குங்கள். குடும்பத்துக்கு வெளியே வைக்கப்பட்ட பிள்ளையின் நிலையை அவ்வப்போது மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று மேலே சொன்ன குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 25-ஆவது பிரிவு சொல்கிறது. நீங்கள் அதைக் கேட்டு வாங்கலாம்.

வளர்ப்பவருக்கும் ஓய்வு வேண்டும். அறுபதைத் தாண்டிய பாட்டி சின்னப் பிள்ளையை வளர்க்கும் வீட்டில், வாரத்தில் ஒரு நாளாவது வேறொருவர் முழுப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தனக்குப் பிறகு யார் என்ற கேள்வி அவர் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் தெம்பாக இருக்கும்போதே அடுத்த பாதுகாவலரை முடிவு செய்து, பாதுகாவலர் காகிதத்தில் அந்தப் பெயரையும் சேர்க்க முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். பிள்ளையையும் அடிக்கடி அந்த வீட்டுக்கு அனுப்பிப் பழக்குங்கள்.